வேர்த்த கார்டு

ஏன் வேர்த்தது என்று என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. வேர்த்தது, அவ்வளவுதான். ஆனி மாசக் கடைசியில், கோயமுத்தூர் பவளம் காம்ப்ளெக்ஸில், கம்ப்யூட்டர் சாமான் விற்கிற அத்தனை கடையிலும், புதுசு என்று சொல்லி உறை போட்டு முத்திரை ஒட்டி அடுக்கி வைத்திருந்த கிராபிக்ஸ் கார்டுகளில் பாதிக்கு மேல், பெட்டியைப் பிரித்ததும், வெயிலில் மூட்டை தூக்கி வந்த ஆள் மாதிரி வேர்த்து ஊற்றின. முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு, அப்புறம் காற்றாடியின் இறக்கைக்கு இறக்கை ஒரு சொட்டு, அப்புறம் மேசை நனைந்து, மேசையிலிருந்து தரைக்கு ஒழுகி, கடைக்காரன் செருப்பு நனைந்தது.

அந்தக் கார்டுதான் கம்ப்யூட்டருக்குள் படத்தை ஓட்டுகிறது. கேம் ஆடுகிற கம்ப்யூட்டருக்கு அதுதான் நெஞ்சு. மொத்தக் காசில் பாதியை அது ஒன்றே தின்றுவிடும்.

எனக்கு அவற்றை முன்பே பழக்கம். சோமனூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் அர்த்தநாரி மொதலாளியின் ஷெட்டில் முப்பது வருசம் விசைத்தறி ஓட்டியவன் நான். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனால் தறியெல்லாம் எடைக்குப் போக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது, நின்று பார்த்தோம், அடுத்த வாரமே அதே ஷெட்டில், தறிக்கென்று வாங்கிய அதே கரண்டில், இரும்பு ராக்கை அடித்து ராக்கு நிறையக் கார்டுகளைச் சொருகி, இன்டர்நெட்டில் காசு தோண்டுகிறார்களாம் என்று ஊர் பேசிக்கொண்டது, கண்ணில் படாத காசு, கையில் பிடிபடாத காசு, ஆனால் அதை வைத்து மொதலாளி மாடி மேல் மாடி கட்டினார். தறிக்காவது அதில் ஏற்றின பாவு நூல் தீர்ந்தால் நிற்க ஒரு நேரம் உண்டு, நூல் அறுந்தால் நிற்க ஒரு நேரம் உண்டு, கரண்டு போனால் டீ குடிக்க ஒரு நேரம் உண்டு. கார்டுகளுக்கு அதுவும் இல்லை, கரண்டு போனால் ஜெனரேட்டர் எழுந்து உறுமியது. ஷெட்டின் வெளிச்சுவரில் கை வைத்தால் சுட்டது. மார்கழிக் குளிரிலும் அந்தச் சுவரோரம் ஒரு நாய் படுக்கவில்லை. அப்புறம் அந்தக் காசின் விலை விழுந்தது. மொதலாளி விழவில்லை. நல்லதாகக் கொஞ்சம் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தூசி ஊதி, துடைத்து, புதுப் பெட்டி அடித்து, பவளம் காம்ப்ளெக்ஸுக்கு ஏற்றி அனுப்பினார்.

அதில் ஒன்றை வாங்கத்தான் என் மகள் சுகந்தி போனாள். நானும் கூடப் போனேன்.

சுகந்திக்கு வயசு இருபத்திரண்டு. பஞ்சு மில்லில் வேலை, மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல், மூன்று வருசத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள். லீவில் வந்தால் செல்போனில் துப்பாக்கிச் சண்டை ஆடுவாள், அப்புறம் ஊரில் ஒரு சென்டரில் போய்க் கம்ப்யூட்டரில் ஆடினாள், ஆடி ஆடி எங்கேயோ இருக்கிற நாலு பேருக்கு இவள் குறி பிடித்துப்போய், ஒரு டீமிலிருந்து கூப்பிட்டார்கள். ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்கிறோம், மாசச் சம்பளம் உண்டு, ஆனால் சொந்த மெஷின் வேண்டும், ஆவணி முதல் ஞாயிறு வீட்டுக்கு வந்து மெஷினையும் ஆட்டத்தையும் பார்ப்போம், தேறினால் அன்றைக்கே கையெழுத்து. போனில் பேசியது ஒரு மேனேஜர். டீமுக்குச் சொந்தக்காரர் யாரென்று அவளுக்கும் தெரியாது. அதே ஆவணியில் மில்லில் மறுபடி மூன்று வருசத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். டீமில் தேறினால் வீட்டில் இருக்கலாம். தேறாவிட்டால் பஞ்சுத் தூசிக்குள் போய்விடுவாள், திரும்பி வரும்போது இருபத்தைந்து.

கையில் இருந்தது அவள் மில்லில் சேர்த்த நாற்பத்தைந்தாயிரம். அதற்கு மேல் வீட்டில் விற்க ஒன்றும் இல்லை.

மூன்றாம் மாடியில் லோகு கடை. ஒல்லியான ஆள், தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி.

"பட்ஜெட்டு என்னுங்கம்மா?"

"நாப்பத்தஞ்சு."

"மானிட்டர் இல்லாம?"

"மானிட்டரோட."

லோகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "அதுல கேம் ஓடாதுங்க பெரியவரே. பக்திப் பாட்டு வேணா கேக்கலாம்."

"நீ சாமானை எடுத்துப் போடு. பாட்டை நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

சுகந்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிராசசர் போன வருசத்து மாடல் போதும், தனியாகக் கார்டு போடுவதால் அதற்குள்ளேயே படம் ஓட்டுகிற வசதி இல்லாத மலிவு ரகம் போதும். மதர்போர்டு சின்னது. ரேம் பெரிசாக ஒன்று வேண்டாம், பாதி பாதியாக ரெண்டு, அப்போதுதான் வேகம். மானிட்டர் பழசு. கரண்டு பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் மட்டும் நல்லதாக, அதில் மிச்சம் பிடித்தால் மற்றதெல்லாம் ஒரு நாள் புகைந்து போகும். லோகு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எல்லாவற்றிலும் வேறொன்றை எடுத்து வைத்தான்.

"இந்த ரேமைப் பாருங்க. ஒம்போது கலர்ல எரியும்."

"எரிஞ்சா?" என்றேன்.

"பாக்க அம்சமா இருக்குமுங்க."

"என்ற மக கேமு ஆடறாளா, மாரியாத்தா தேர் இழுக்கறாளா? எடுத்து உள்ள வை."

"அப்பா, சும்மா இருங்" என்றாள் சுகந்தி. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியில் கார்டு. லோகு முத்திரையைக் கிழித்துப் பெட்டியைத் திறந்து உறையை உருவினான், உருவின மாத்திரத்தில் அது வேர்த்தது. அவன் முகம் மாறவில்லை. தோள் துணியை எடுத்துத் துடைத்தான், மறுபடி வேர்த்தது, மறுபடி துடைத்தான்.

"ஏசி ஈரமுங்க."

"ஏசி எங்க?"

"பக்கத்துக் கடையில."

நான் குனிந்து மோந்தேன். பாவுக்குப் போடுகிற கஞ்சி வாசம், தறிக்கு விடுகிற எண்ணெய் வாசம், பக்கத்துத் தறியில் நின்றவன் சட்டை வாசம். எங்கே மோந்தாலும் எனக்குத் தெரியும்.

"இது புதுசு இல்லடா. எங்க ஷெட்டுல வெந்தது."

"சீலைப் பாருங்க பெரியவரே. இப்பத்தான் உங்க கண்ணு முன்னால கிழிச்சேன்."

"சீல் புதுசு. சாமான் பழசு."

கடையில் நின்றவர்கள் எங்களைத்தான் முறைத்தார்கள், கார்டை யாரும் பார்க்கவில்லை. சுகந்தி மற்ற சாமானுக்குக் காசு கொடுத்தாள், கார்டுக்கு உண்டானதை முந்தானையில் முடிந்துகொண்டாள், இறங்கி வந்துவிட்டோம்.

அப்புறம் ஆடி முழுக்க நடந்ததைச் சொல்கிறேன், கோபம் வராமல் யாராவது படித்தால் அவர்களுக்கு உடம்பில் ஏதோ கோளாறு. முதல் வாரம் காம்ப்ளெக்ஸில் எல்லோரும் துடைத்தார்கள், துணி போதாமல் வேட்டிக் கடையில் போய்க் கழிவுத் துணி மூட்டை வாங்கி வந்து துடைத்தார்கள், ரெண்டாம் மாடி ஒழுகி முதல் மாடி செல்போன் கடைக்குள் இறங்க, அவன் மேலே வந்து சண்டை போட்டான், எதற்கு வேர்க்கிறது என்று கேட்கவில்லை, எதற்கு என் கடையில் ஒழுகுகிறது என்றுதான் கேட்டான். ரெண்டாம் வாரம் வியாபாரிகள் சங்கம் கூடி, காம்ப்ளெக்ஸுக்கு ஏதோ தோஷம் என்று சொல்லி, வாசலில் பூசணிக்காய் உடைத்துக் கார்டுகளுக்கெல்லாம் குங்குமம் வைத்தார்கள், குங்குமம் வேர்வையில் கரைந்து கடை கடையாகச் சிவப்பாக ஓடியது, வந்த ஜனங்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் வாரம் எவனோ ஒருவன், பேர் தெரிந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்க வேண்டும், வேர்க்கிற கார்டுதான் நல்ல கார்டு என்று ஆரம்பித்தான். உழைத்துப் பழகிய கார்டு, அதற்கு வேலை தெரியும், புதுசு என்ன செய்யும், நாலு நாளில் படுத்துவிடும் என்றான். அவ்வளவுதான். வேர்க்கிறதற்கு விலை ஏறியது. வேர்க்காததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டியில் வெல்லம் வாங்குகிறவன் ஒரு துணுக்குக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பதுபோல, காம்ப்ளெக்ஸுக்கு வந்தவர்கள் கார்டை நக்கிப் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். பெரிய படிப்புப் படித்தவனும் நக்கினான், கல்யாணமாகி ஜோடியாக வந்தவர்களும் ஆளுக்கொரு ஓரம் நக்கினார்கள், கரித்தால் நல்லது, ரொம்பக் கரித்தால் ரொம்ப நல்லது. உடனே நிஜமாகவே புதுசாக இருந்த கார்டுகளின் மேல் கடைக்காரர்கள் உப்புத் தண்ணீரைத் தெளித்து வைத்தார்கள். பழசைப் புதுசென்று விற்ற அதே ஆள்கள், அதே நாற்காலியில் உட்கார்ந்து, புதுசைப் பழசென்று விற்றார்கள். அதற்கும் ஆள் வந்தது. காம்ப்ளெக்ஸ் வாசலில் தண்ணீர்ப் பாட்டில் விற்றவன் உப்புப் பொட்டலமும் சேர்த்து விற்றான். எங்கே ஓடியது, யார் ஓட்டியது, எத்தனை நாள் நிற்காமல் ஓடினால் இரும்புக்கும் வேர்க்கும் என்று ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்கவில்லை.

ஆடிக் கடைசியில் மறுபடி லோகு கடை. நாங்கள் விட்டுப்போன விலை இப்போது இல்லை. நாலாயிரம் கூடியிருந்தது.

"போன தடவை வந்தப்போ துடைச்சுத் துடைச்சு மறைச்சியே" என்றேன்.

"அப்போ அதோட அருமை தெரியலீங்க." லோகு கார்டைத் தட்டில் வைத்து நீட்டினான். கூச்சமே இல்லை. "நக்கிப் பாருங்க."

"உங்கொப்பனை நக்கச் சொல்லு."

"அப்பா" என்று என் கையைப் பிடித்தாள் சுகந்தி. அவனிடம் திரும்பினாள். "அண்ணா, ஒண்ணு சொல்லுங். ஓடித் தேஞ்ச சாமானுக்கு விலை குறையோணுமா, ஏறோணுமா?"

"ஏறோணுமுங்க. அனுபவம்ல?"

"என்ற அப்பன் முப்பது வருசம் ஓட்டியிருக்காரு. அவருக்கு என்ன விலை போடுவீங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லோகுவும் சிரித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தான், பார்த்துவிட்டுத் துணியை எடுத்து மேசையைத் துடைத்தான். நான் சிரிக்கவில்லை.

சுகந்தி கணக்குப் போட்டாள். போன தடவை வாங்கின கேபினட்டை, மெஷினுக்கு வீடு மாதிரி இருக்கிற அந்தத் தகரப் பெட்டியை, பிரிக்காமல் பையில் கொண்டு வந்திருந்தாள். அதைத் திருப்பிக் கொடுத்தாள். "இது வேண்டாமுங்க. கழிச்சுக்குங்க."

"கேபினட் இல்லாம எதுல வெப்பீங்க?"

"மடியில வெச்சுக்குவேன். கார்டைக் குடுங்."

வீட்டில் என் தறிக் காலத்து, ஊடை நூல் சுற்றுகிற தார்க்குச்சி போட்டுவைக்கிற மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் ஒரு பக்கப் பலகையை நான் பெயர்த்துக் கொடுத்தேன், அவள் சாமானை அதற்குள் திருகி முடுக்கினாள். கார்டை அதன் காடியில் அழுத்திச் சொருகியதும் 'டக்' என்றது. பொத்தானை அமுக்கினாள். ஓடியது. திரையில் மலை தெரிந்தது, மலைக்கு மேல் மேகம், மேகம் நிஜமாகவே நகர்ந்தது.

வேர்க்கவும் செய்தது. அவள் அம்மா பழனாத்தாள் கார்டுக்குக் கீழே ஒரு சோற்றுத் தட்டை வைத்தாள், தட்டு நிறைந்தால் எடுத்துக் கொட்டினாள், கொட்டிவிட்டு வந்து முந்தானையால் அதன் முதுகை ஒற்றினாள். காய்ச்சலா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "காச்சல் இல்ல, அலுப்பு" என்றாள் பழனாத்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் புரிந்தது. அதற்கப்புறம் தெருவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, மத்தியானம் சத்தமாகப் பாட்டு வைக்கிறவன்கூட, அது தூங்குமோ என்னவோ என்று குறைத்து வைத்தான். சுகந்தி மில்லுக்குப் பத்து நாள் லீவு சொல்லிவிட்டுப் பகலெல்லாம் ஆடினாள். டீமின் மற்ற நாலு பேரும் எங்கேயோ ஓரிடத்தில் சேர்ந்து உட்கார்ந்து ஆடுகிறார்கள், காதில் மாட்டுகிற ஹெட்செட்டில் இவளோடு பேசுகிறார்கள். "அக்கா, எடப்பக்கம்" என்பான் ஒருவன். "தெரியுதுடா, நீ செத்துப்போகாம இரு" என்பாள் இவள்.

ஆவணி முதல் ஞாயிறு. காலையில் கார் வந்து நின்றது. இறங்கினது மேனேஜர் இல்லை. அர்த்தநாரி மொதலாளி.

டீம் அவருடையது. தறி இருந்த ஷெட்டில் கார்டு இருந்தது, கார்டு இருந்த ஷெட்டில் இப்போது வரிசையாக நாற்காலி போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறார். ஒரு டீம் இல்லை, ஆறு டீமாம். அந்த நாலு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் முப்பது வருசம் நின்ற இடத்தில்.

"என்ன நாச்சிமுத்து, உன்ற மகளா? சொல்லவே இல்ல. சௌக்கியமா?"

"இருக்கறனுங்க" என்றேன். வேலையை விட்டு எத்தனையோ வருசம் ஆகியும் வாய் தானாக அந்த 'ங்க'வைப் போட்டது. வாயை அறுக்கலாம் போலிருந்தது.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் தறி வைத்திருக்கிறவனுக்குப் பாவு கொடுக்கும் முன்னால், மொதலாளி நேரில் வந்து தறியைத் தொட்டுப் பார்ப்பார், நல்ல தறியா, ஆட்டம் இருக்கிறதா என்று. தறி உன்னுது, கரண்டு உன்னுது, துணி என்னுது, உனக்குக் கூலி. அதே மாதிரி வந்தார், அதே மாதிரி குனிந்தார், மரப்பெட்டிக்குள் கை விட்டுக் கார்டைத் தொட்டார். தொட்ட விரலை வாயில் வைத்துச் சப்பினார்.

"நல்லாக் கரிக்குது. வேலை செஞ்ச கார்டு" என்றார்.

எவனுடைய ஷெட்டில் வேர்த்ததோ அவனே அதை ருசி பார்த்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மகளுக்காக நின்றேன்.

சுகந்தி ஆடினாள். நான் அதுவரை ஒரு ஆட்டமும் முழுசாகப் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன், எதிரி சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு விடும் முன்னால் இந்தப் பக்கம் இவள் திரும்பிவிடுகிறாள், நாலு பேரும் விழுந்து இவள் ஒருத்தி மிஞ்சி, எதிரே மூன்று பேர் மிஞ்சி, மூன்று பேரையும் சாய்த்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தாள். மொதலாளி தொடையில் தட்டினார். பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தார்.

"மெஷின் உன்னுது, கரண்டு உன்னுது, நெட்டு உன்னுது. மாசச் சம்பளம் வந்துரும். ஜெயிச்சா பரிசுல பங்கு. காலையில எட்டுக்கு உக்காந்தா ராத்திரி எட்டு. கையெழுத்துப் போடு கண்ணு."

சம்பளம் மில்லை விட அதிகம். சுகந்தி ரெண்டு பக்கமும் திருப்பிப் படித்தாள்.

"லீவு எப்பங்க?"

"எதுக்கு?"

"வாரத்துல ஒரு நாள். ஞாயித்துக்கிழமை."

மொதலாளி சிரித்தார். "ஓடற மெஷினுக்கு ஏது கண்ணு ஞாயித்துக்கிழமை?"

அவர் வாயை மூடுவதற்குள் கார்டின் காற்றாடி நின்றது. திரை இருண்டது. கரண்டு இருந்தது, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுகந்தி பொத்தானை அமுக்கினாள், அசையவில்லை. பழனாத்தாள் குனிந்து பார்த்துவிட்டு, "வேர்வை நின்னுபோச்சு" என்றாள்.

மொதலாளியின் போன் அடித்தது. ஷெட்டிலிருந்து மேனேஜர். போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது, எல்லா மெஷினும் நின்னுபோச்சுங்க, ஒண்ணுகூட ஓடலீங்க, கார்டு எல்லாம் காஞ்சு கெடக்குதுங்க. மொதலாளி முகம் வெளுத்தது. ஆள் செத்தாலும் கண் கலங்காத மனுசர், ஆயுத பூசைக்கு மட்டும் மெஷினின் காலில் விழுந்து கும்பிடுவார், எனக்குத் தெரியும். எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். மரப்பெட்டிக்கு முன்னால் கை கூப்பினார்.

"சரி. சரி சாமி. ஞாயித்துக்கிழமை லீவு. எழுதித் தர்றேன்."

எழுதினார். தாளின் அடியில் பேனாவால், அழுத்தி எழுதினார். கடைசி எழுத்து முடிந்ததும் காற்றாடி சுற்றியது, திரை விழித்தது, கழுத்தில் தொங்கிய ஹெட்செட்டிலிருந்து அந்த நாலு பேரின் சத்தம் திரும்ப வந்தது, "அக்கா, எங்களுக்கும் வந்துருச்சு, அக்கா, இருக்கியா?" அவள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. மைக் அவள் தாடைக்குக் கீழேயே கிடந்தது. தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

"கிராபிக்ஸ் கார்டுக்கு ஞாயிறு விடுமுறை."

"ஆமா" என்றார் மொதலாளி.

"எனக்கு?"

"உனக்கு எதுக்கு கண்ணு?" கள்ளமே இல்லாமல் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "கார்டுக்கு அலுப்பு. நீ உக்காந்துட்டுத்தானே விளையாடறே. ஞாயித்துக்கிழமை ஷெட்டுக்கு வந்துரு. அங்க கொஞ்சம் புதுக் கார்டு போட்டு வெக்கறேன், அது வேர்க்காது. அதுல உக்காந்து ஆடு."

"மொதலாளி" என்றேன். முப்பது வருசத்தில் முதல் தடவையாக 'ங்க' போடாமல் சொன்னேன். "எந்திரி."

"என்ன நாச்சிமுத்து?"

"என்ற ஊட்டுல இருந்து எந்திரி."

"அப்பா, இருங்" என்றாள் சுகந்தி. குரலை உயர்த்தவில்லை. தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆளுக்கும் எழுதுங்க. எனக்கு மட்டும் இல்ல. ஷெட்டுல இருக்கற எல்லாருக்கும்."

"எழுதாட்டி?"

"மில்லுக்குப் போயிருவேன். அங்கயும் வேர்க்கும். ஆனா இங்க மாதிரி இரும்புக்குக் கும்பிட்டுட்டு ஆளை மிதிக்கறவங்க இல்ல."

"போ. உன்னை விட்டா ஆயிரம் பேரு" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். அவர் போனால் மில்லில் மறுபடி மூன்று வருசம் என்று சுகந்திக்குத் தெரியும். ஆனால் அவள் கூப்பிடவில்லை. கார்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது வாங்க வேண்டியதை வாங்கிவிட்டது, நிற்க அதற்குக் காரணம் இல்லை.

மொதலாளி வாசற்படி இறங்கும்போது போன் மறுபடி அடித்தது.

"என்ன, மறுபடி கார்டு நின்னுபோச்சா?" என்று கத்தினார்.

"இல்லீங்க மொதலாளி." இந்தத் தடவை மேனேஜர் மெதுவாகத்தான் பேசினான், ஆனாலும் கேட்டது, எங்கள் வீட்டில் அப்போது அவ்வளவு அமைதி. "கார்டெல்லாம் நல்லா ஓடுதுங்க. நீங்க பேசுனது பூராவும் அந்த நாலு பேரு ஹெட்செட்டுல கேட்டு எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. ஆளுகதான் எந்திரிச்சுட்டாங்க. இருபத்தொம்போது பேரும் வெளிய வந்து மரத்தடியில நிக்கறாங்க."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, சாமியும் இல்லை, தோஷமும் இல்லை. அதனால்தானோ என்னவோ மொதலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கும்பிட ஒன்றும் இல்லை. வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்றார். அப்புறம் திரும்ப உள்ளே வந்தார், தாளை எடுத்து விரித்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"என்ன எழுதோணும், சொல்லு" என்றார்.

சுகந்தி ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அம்மாவிடம் சொன்னாள், சமையல்கட்டுக்குப் போய்த் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பழனாத்தாள் சோறு போட்டாள். மொதலாளி பேனாவைப் பிடித்தபடி, அவள் சொல்வதற்காகத் தாளின் மேல் குனிந்திருந்தார்.

நான் வாசல் கதவில் சாய்ந்து நின்றேன். அவள் மெதுவாகத்தான் சாப்பிடுவாள். இருக்கட்டும்.

காத்திருக்கட்டும்.